மிடி டிரம் பேடும் வீட்டு லேப்டாப்பும்: முதல் தட்டிலிருந்து பம்பைச் சத்தம் வரை

டிரம் பேடை (விரலால் தட்டும் ரப்பர்க் கட்டங்கள் உள்ள சின்னப் பெட்டி) வாங்கி, பிரித்து, லேப்டாப்பில் சொருகி, ஆசையாக ஒரு தட்டு தட்டினால் ஒன்றும் கேட்காது. விளக்கு மட்டும் எரியும். பெட்டி பழுது என்று நினைத்து விற்றவருக்குப் பலர் ஃபோன் போடுவது இந்த இடத்தில்தான். பழுதெல்லாம் இல்லை. பேடுக்குள் சத்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது. வாசல் காலிங் பெல் சுவிட்ச் மாதிரிதான் அதுவும்: அமுக்குவது வெளியே, அடிப்பது உள்ளே. உள்ளே மணியை மாட்டுவது நம் வேலை. அந்த வேலையைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

பேடைத் தட்டும்போது அது லேப்டாப்புக்கு மூன்று எண்களை அனுப்புகிறது. எந்தப் பேடு என்பதற்கு 0 முதல் 127 வரை ஒரு நோட் எண். எவ்வளவு வேகமாகத் தட்டினீர்கள் என்பதற்கு 1 முதல் 127 வரை ஒரு வெலாசிட்டி எண். எந்த வழியாகப் போகிறது என்பதற்கு 1 முதல் 16 வரை ஒரு சேனல் எண். 1983இல் வந்த மிடி என்ற பொது ஏற்பாடு இது. இன்றைக்கும் எல்லாக் கம்பெனிப் பெட்டிகளும் இதையே பேசுகின்றன. இந்த மூன்று எண்ணும் மனதில் பதிந்துவிட்டால், பின்னால் வரும் கோளாறுகளில் முக்கால்வாசியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சேலத்தில் அம்மாப்பேட்டையிலோ குகைப் பகுதியிலோ தறிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி. மைக் வைத்து மேளம் பதிவு செய்தால் தறிச் சத்தமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பேடில் மைக்கே கிடையாது. பக்கத்தில் எத்தனை தறி ஓடினாலும் பதிவில் ஒரு துளி விழாது. கீழ்வீட்டுக்காரருக்குத்தான் கொஞ்சம் தொந்தரவு. விரலால் தட்டும் சத்தம் மேசைக்கால் வழியாக இறங்கும். பேடுக்கு அடியில் ஒரு பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டால் அதுவும் அடங்கிவிடும்.

வாங்கும்போது

நான்குக்கு நான்கு, 16 பேடுகள் உள்ள பெட்டி போதும். அகாய் எம்பிடி218 இந்த வகை. அதே கம்பெனியின் எல்பிடி8இல் 8 பேடுகள்தான். கீபோர்டும் வேண்டும் என்றால் எம்பிகே மினியில் 25 கட்டைகளோடு 8 பேடுகள் வரும். கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று: பேடுக்கு வெலாசிட்டி உணர்வு இருக்க வேண்டும். நோவேஷனின் லாஞ்ச்பேடு மினி மாதிரி சில பெட்டிகளில் அது இல்லை. மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே அளவு சத்தம் வரும். அவை லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) ஓட்டுவதற்கு, மேளத்துக்கு ஆகாது.

பழைய பெட்டி வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு பேடையும் நடுவில் மட்டும் தட்டிப் பார்க்காமல் நான்கு மூலையிலும் தட்டிப் பாருங்கள். தேய்ந்த பேடு சில நேரம் மூலையில் மட்டும் செவிடாகியிருக்கும்.

சொருகும் முன்

பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். வீட்டில் கிடக்கும் சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் கரன்ட் கம்பி மட்டும் இருக்கும், தகவல் கம்பி இருக்காது. பேடில் விளக்கு எரியும், லேப்டாப்புக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. 'எரியுதே, அப்புறம் ஏன் வேலை செய்யல' என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில். ஹப் வழியாகப் போகாமல் லேப்டாப்பில் நேராகச் சொருகுவது நல்லது. இன்றைய பேடுகள் பெரும்பாலும் தனி டிரைவர் கேட்பதில்லை. சொருகினால் விண்டோஸும் மேக்கும் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும்.

அடுத்தது ஹெட்ஃபோன். வயர் உள்ளதுதான் வேண்டும். ப்ளூடூத்தில் சத்தம் பெரும்பாலும் 100 மில்லி நொடிக்கு மேலேயே தாமதித்து வரும். அதை வைத்துக்கொண்டு தாளம் போடவே முடியாது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் இந்தத் தாமதம் போகாது. விலை குறைந்த வயர் ஹெட்ஃபோன் விலை கூடிய ப்ளூடூத்தை இந்த வேலையில் சுலபமாக ஜெயித்துவிடும்.

அடித்ததைப் பதிவு செய்து பாட்டாக்கும் சாஃப்ட்வேரில் நான் ரீப்பரைச் சொல்வேன். சாதாரண லேப்டாப்பிலும் இறுகாமல் ஓடுகிறது. 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்திருந்தால் தனிநபர் உரிமம் 60 டாலர். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். பல பேடுகளோடு ஏபிள்டன் லைவ் லைட் என்ற சாஃப்ட்வேருக்கான உரிம எண் சேர்ந்தே வரும், அதுவும் நல்லதே. எஃப்எல் ஸ்டுடியோ நம் பையன்களுக்குச் செல்லம். ஆனால் அதன் டிரையல் பதிப்பில் சேமித்த வேலையை மறுபடி திறக்க முடியாது. முதல் நாள் ராத்திரி போட்ட பீட்டை மறுநாள் தேடும்போதுதான் அது உறைக்கும். கீழே சொல்வதெல்லாம் விண்டோஸில் ரீப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் பட்டன் இருக்கும் இடம் மாறும், வேலை ஒன்றுதான்.

ரீப்பரில் இணைப்பது

பேடைச் சொருகிய பிறகு ரீப்பரைத் திறங்கள். இந்த வரிசை முக்கியம். கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரிஃபரன்சஸ் வரும். அதில் ஆடியோ என்ற தலைப்பின் கீழே மிடி இன்புட்ஸ் இருக்கும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் மிடி டிவைசஸ். உங்கள் பேடின் பெயர் அங்கே தெரிய வேண்டும். தெரிந்தால் அதை எனேபிள் செய்யுங்கள். தெரியாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். பெயர் தெரிந்தும் திறக்க முடியவில்லை என்று சொன்னால், வேறு ஏதோ ஒரு சாஃப்ட்வேர் பேடைப் பிடித்து வைத்திருக்கிறது. விண்டோஸில் இத்தனை காலமும் ஒரு நேரத்தில் ஒரு சாஃப்ட்வேர்தான் ஒரு மிடி பெட்டியைப் பிடிக்க முடியும் என்பதே வழக்கம். பேடின் செட்டிங்கை மாற்ற அதன் கம்பெனி கொடுத்த எடிட்டர் பின்னால் திறந்து கிடந்தால் அதை மூடிவிட்டு ரீப்பரை மறுபடி திறங்கள்.

அதே ஜன்னலில் டிவைஸ் என்ற பகுதிக்குப் போய் ஆடியோ சிஸ்டத்தை ஆசியோ (தாமதம் குறைந்த சத்த வழி) என்று மாற்றுங்கள். தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளியே மாட்டும் சத்தப் பெட்டி) இருந்தால் அதன் ஆசியோ டிரைவர் பட்டியலில் இருக்கும். இல்லாவிட்டால் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். அது ஓடும்போது யூடியூப் மாதிரி மற்ற சத்தங்கள் பெரும்பாலும் நின்றுவிடும், பயப்பட வேண்டாம்.

பஃபர் என்பது லேப்டாப் சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்பும் பொட்டலம்; பெரிதானால் தாமதம் கூடும். அதன் அளவு எத்தனை வைப்பது? 44,100 சாம்பிள் வேகத்தில் 512 பஃபர் என்றால் சுமார் 11.6 மில்லி நொடி, 256 என்றால் 5.8, 128 என்றால் 2.9. இதற்கு மேல் லேப்டாப் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லி நொடி ஆகிறது. அதனால் 128 பஃபர் என்பது மேளத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிற கணக்கு. 128இல் தொடங்குங்கள். சத்தம் நடுவே 'கிர்ர்' என்று உடைந்தால் 256க்கு ஏற்றுங்கள். பதிவெல்லாம் முடிந்து கலவை செய்யும்போது 1024 வைத்தாலும் நஷ்டமில்லை.

சரி, இப்போது டிராக். கன்ட்ரோல், டி அழுத்தினால் புது டிராக் (ஒரு வாத்தியத்துக்கான வரி) வரும். அதிலுள்ள சிவப்பு வட்டத்தை அழுத்தினால் பதிவுக்குத் தயார். ஆனால் ரீப்பர் அந்த டிராக்கை மைக்குக்கு என்றே எடுத்துக்கொண்டிருக்கும். இன்புட் பட்டியலைத் திறந்து மிடி, அதில் உங்கள் பேடு, அதில் ஆல் சேனல்ஸ் என்று மாற்றுங்கள். பல பேடுகள் 10ஆம் சேனலில் அனுப்பும். நீங்கள் 1 என்று மட்டும் வைத்தால் வாசலில் வந்த ஆளைத் திருப்பி அனுப்பியதாகும். ஸ்பீக்கர் படம் போட்ட மானிட்டர் பட்டனும் எரிய வேண்டும். இப்போது தட்டுங்கள். டிராக்கின் மீட்டர் குதித்தால் எண் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் இன்னும் வராது. உள்ளே மணி மாட்டவில்லையே.

டிராக்கிலுள்ள எஃப்எக்ஸ் பட்டனை அழுத்தி ஒரு டிரம் கருவியைச் சேர்க்க வேண்டும். இலவசத்தில் எம்டி பவர் டிரம் கிட் முதல் நாளைக்குப் போதும். நிறுவி, எஃப்எக்ஸ் பட்டியலில் தேடிச் சேர்த்துத் தட்டினால் மேளம் பேசும்.

அப்போதும் ஒரு குழப்பம் வரும். கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) வர வேண்டிய பேடில் கைதட்டல் வரும், ஹைஹாட் (ஜோடித் தாளத்தட்டு) இடத்தில் டாம் என்ற டிரம் வரும். யார் மேலும் தப்பில்லை. 1991இல் வந்த ஜெனரல் மிடி என்ற ஒப்பந்தப்படி கிக் 36, ஸ்னேர் 38, கைதட்டல் 39, மூடிய ஹைஹாட் 42, திறந்த ஹைஹாட் 46, தாளத்தட்டுகளில் கிராஷ் 49, ரைடு 51. பேடோ பெரும்பாலும் இடது கீழ் மூலையில் 36 என்று தொடங்கி வரிசையாக 51 வரை எண்ணிக்கொண்டு போயிருக்கும். வரிசை எண்ணுக்கு ஏற்றபடி வாத்தியங்கள் அங்கங்கே சிதறி விழும். பேடு கம்பெனியின் எடிட்டரைத் திறந்து, எந்தப் பேடில் எது வேண்டுமோ அந்த எண்ணைப் போட்டுப் பெட்டிக்குள் சேமியுங்கள். பிறகு எடிட்டரை மறக்காமல் மூடுங்கள். எண்ணுக்குப் பதில் சி1, டி1 என்று சுரப்பெயரைக் காட்டும் சாஃப்ட்வேர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே 36ஐ ஒரு கம்பெனி சி1 என்னும், இன்னொரு கம்பெனி சி2 என்னும். எப்போதும் எண்ணையே நம்புங்கள்.

எந்தப் பேடு எந்த எண்ணை அனுப்புகிறது என்று நேராகப் பார்க்க, அதே எஃப்எக்ஸ் பட்டியலில் ரீகன்ட்ரோல்மிடி என்பதைக் கருவிக்கு முன்னால் சேர்த்து ஷோ லாக் என்பதை அழுத்துங்கள். தட்டத் தட்ட எண்கள் வரிசையாக விழும். எதிர்காலத்தில் எது நின்றுபோனாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எண் விழுந்தால் பேடும் கேபிளும் சரி, கோளாறு கருவியிலோ ஹெட்ஃபோன் பக்கத்திலோ இருக்கிறது. விழாவிட்டால் கருவியைக் குடைந்து பிரயோஜனமில்லை.

கைக்கு ஏற்றபடி

லாகில் எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் வெலாசிட்டி 127 என்றே வந்தால், ஃபுல் லெவல் பட்டன் அமுங்கியிருக்கிறது, எடுத்துவிடுங்கள். ஓங்கித் தட்டியும் 80ஐத் தாண்டவில்லை என்றால் எடிட்டரில் சென்சிட்டிவிட்டியைக் கூட்டுங்கள், அல்லது விரல் வேகத்தை எண்ணாக மாற்றும் கர்வில் வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் வந்தால், அல்லது பக்கத்துப் பேடும் சேர்ந்து பேசினால், எவ்வளவு பலத்துக்கு மேல் பேடு பேச வேண்டும் என்ற திரெஷோல்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒன்று விட்டு ஒரு தட்டுக்குத்தான் சத்தம் வருகிறதா? பேடு ஒரு தட்டுக்கு ஆன், அடுத்த தட்டுக்கு ஆஃப் என்ற டாகிள் முறையில் இருக்கிறது. மொமென்டரி என்று மாற்றினால் சரியாகிவிடும்.

விரல் பேடைக் குச்சியால் அடிக்கக் கூடாது. தட்டிய விரல் உடனே எழும்ப வேண்டும். அழுத்திப் பிடித்தால் பல பேடுகள் ஆஃப்டர்டச் என்று தனியாக எண்களைக் கொட்ட ஆரம்பித்துவிடும்.

நம்ம ஊர்ச் சத்தம்

இதுவரை செய்தது எந்த ஊர்க்காரரும் செய்வது. எனக்கு இந்தப் பெட்டி பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. பேடுக்குச் சொந்தக் குரல் இல்லை என்பதால் அதற்கு எந்தக் குரலையும் கொடுக்கலாம். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு ராக் டிரம்ஸையே தட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து? கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையில் கேட்கிற பம்பையையும் பறையையும் 16 பேடுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

பண்டிகைக் கூட்டத்தில் ஃபோனை நீட்டிப் பிடித்த பதிவு இதற்கு உதவாது. எல்லா வாத்தியமும் ஒன்றாகக் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது தனித்தனி அடி. ஆடியில் கலைஞர்களுக்கு மூச்சு விடவும் நேரம் இருக்காது. அது ஓய்ந்த பிறகு ஒருவரைப் பார்த்து, எதற்கு என்று விளக்கமாகச் சொல்லி, வரும் பாட்டில் அவர் பெயரைப் போடுவதாகச் சொல்லி, ஒரு நிகழ்ச்சிக்கு வாங்குகிற கூலியைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். 'சும்மா ரெண்டு தட்டு தட்டுங்கண்ணா' என்று ஓசியில் வாங்கிக்கொண்டு வருவது முறையல்ல. அந்த இரண்டு தட்டை நீங்கள் ஆயிரம் தடவை பயன்படுத்தப் போகிறீர்கள்.

தறியும் ஹாரனும் கேட்காத இடமாகப் பாருங்கள். ஏற்காட்டில் தெரிந்தவர் வீடு இருந்தால் நல்லது. ஆனால் சாயங்காலமானால் மலையில் சில்வண்டு தொடங்கிவிடும், காலையிலேயே முடித்துவிடுங்கள். வாத்தியத்துக்கும் மைக்குக்கும் ஒரு மீட்டர் போல இடைவெளி இருக்கட்டும். ஃபோனில் பதிவு செய்வதானால் சத்த அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைக்க வசதியுள்ள ஆப்பைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் முதல் அடி பெரிதாகவும் அடுத்த அடி ஒடுங்கியும் பதிவாகும். கோப்பு வேவ் வகையாக இருக்கட்டும்.

பறை என்றால் தீயில் காய்ச்சித் தோல் விறைத்ததும் எடுக்க வேண்டும். நேரமாக ஆகத் தோல் தளரும். முதல் அடியும் கடைசி அடியும் இரண்டு வாத்தியம் போலக் கேட்கும். அடிக்குச்சியால் தனியாக, சுண்டுக்குச்சியால் தனியாக, இரண்டும் சேர்ந்து என்று மூன்று வகை. ஒவ்வொன்றிலும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று அளவு. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அதிர்வு முழுதாக ஓயும்வரை யாரும் பேசக் கூடாது. பம்பையில் இரண்டு உருளைக்கும் தனித்தனியாக இதே மாதிரி. கலைஞர்களுக்கு ஒற்றை அடி அடிப்பது கஷ்டம். கை தானாகத் தாளத்துக்கு ஓடிவிடும். முதலில் ஆசை தீர வாசிக்கவிட்டு அதையும் பதிவு செய்துகொண்டு, அப்புறம் ஒற்றை அடிக்கு வாருங்கள்.

வீட்டுக்கு வந்து ஆடாசிட்டி மாதிரி இலவச சாஃப்ட்வேரில் ஒவ்வொரு அடியையும் வெட்டித் தனிக் கோப்பாக்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம். அலை எழும்பும் இடத்துக்கு மிக அருகே வெட்ட வேண்டும். முன்னால் 20 மில்லி நொடி வெறும் அமைதி ஒட்டியிருந்தாலும் தட்டிய பிறகு சத்தம் பிந்தி வரும். பஃபரைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தும் தாமதம் போகவில்லை என்று புலம்புகிற பலருக்கு நோய் இருப்பது இந்த வெட்டில்தான். பின்பக்கம் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். முழுதாக அடங்கிய பிறகு ஒரு சின்ன ஃபேடு (மெல்லத் தேய்ந்து மறைவது) கொடுங்கள்.

புது டிராக்கில் ரீசாம்பிளோமேட்டிக்5000ஐச் சேர்த்து, வெட்டிய கோப்பை அதன்மேல் இழுத்துப் போடுங்கள். கொடுத்த சத்தக் கோப்பை எண் வந்ததும் ஒலிக்கும் கருவி இது, ரீப்பரோடு சேர்ந்தே வருவது. நோட் ஸ்டார்ட், நோட் எண்ட் இரண்டிலும் ஒரே எண்ணை, உதாரணமாக 36ஐ, போடுங்கள். ஒபே நோட் ஆஃப்ஸ் என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இருந்தால் விரலை எடுத்ததும் சத்தம் பாதியில் அறுந்துவிடும். அடுத்த அடிக்கு அதே டிராக்கில் இன்னொன்றைச் சேர்த்து 37 கொடுங்கள். மெதுவான அடி, நடுத்தர அடி, ஓங்கிய அடி மூன்றையும் ஒரே பேடில் வைக்க வேண்டுமா? மூன்றுக்கும் ஒரே நோட் எண் கொடுத்து, வெலாசிட்டி எல்லையை மட்டும் பிரியுங்கள். 1 முதல் 60 வரை மெதுவான கோப்பு, 61 முதல் 100 வரை நடுத்தரம், அதற்கு மேல் ஓங்கியது.

வேகமான உருட்டலுக்கு ஒரே சத்தத்தைப் பக்கத்துப் பக்கத்துப் பேடு இரண்டில் வையுங்கள். ஒற்றை விரல் ஓடாத வேகத்துக்கு இரண்டு விரல் மாறி மாறி ஓடும். இரண்டு பேடுக்கும் வேறு வேறு பதிவைக் கொடுத்தால் இயந்திரச் சாயலும் வராது.

பதிவு

தாளம் எண்ணித் தரும் மெட்ரோனோம் படத்தின்மேல் வலது கிளிக் செய்து, பதிவுக்கு முன் ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) எண்ணும்படி வையுங்கள். கன்ட்ரோல், ஆர் அழுத்தினால் பதிவு ஓடும். முடிந்ததும் கட்டத்தை இருமுறை கிளிக் செய்தால் மிடி எடிட்டர் திறக்கும். தப்பாக விழுந்த அடியை நகர்த்தலாம், பலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பதிவானது சத்தமல்ல, எண்தான். அதனால் பறையாக அடித்ததைப் பிறகு பம்பையாக மாற்றினாலும் மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.

க்யூ அழுத்தினால் குவான்டைஸ் வரும், அதாவது அடிகளைக் கிரிட் என்ற கட்டத்தின் கோட்டுக்கு இழுப்பது. கிரிடை 1/16இல் (ஒரு தட்டு நான்காகப் பிரியும்) வைத்து எல்லாவற்றையும் இழுத்துவிடுவது சினிமா பீட்டுக்குச் சரி. நம் ஊர்க் கோயில் தாளங்களில் பல ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து நடப்பவை. அவற்றை 1/16 கட்டத்துக்குள் திணித்தால் ஆட்டமே போய்விடும். 4/4 என்ற தாள அளவை மாற்றாமல் கிரிடை 1/8 டிரிப்லெட் என்று வைத்தால் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்ற ஸ்ட்ரெங்த்தை 100 வைக்காமல் 50, 60 அளவில் நிறுத்துங்கள். எல்லா அடியும் கோட்டிலேயே விழுந்தால் சாமி ஆடுகிறவர்கூட நின்றுவிடுவார்.

சேர்வராயன் மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பனியும் ஈரமும் உள்ள நாட்களில் ரப்பர் பேடு பிசுபிசுக்கும். காய்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் வேலை பாருங்கள். மலையானாலும் ஊரானாலும் எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜர் சொருகியதும் ஹெட்ஃபோனில் 'ங்ஙொய்' என்று கேட்கும். அதற்கும் பேட்டரிதான் உடனடி மருந்து.

பாதி வேலையில் பேடு அறுந்து அறுந்து வந்தால், விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

முடித்ததை வெளியே எடுக்க கன்ட்ரோல், ஆல்ட், ஆர். வேவ், 24 பிட் என்று கொடுத்து ரெண்டர் செய்தால் யாருக்கும் அனுப்பலாம். ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ இருக்கும் நண்பர் அதே அடியைத் தன் கருவியில் கேட்க வேண்டுமானால், ஃபைல் மெனுவிலிருந்து மிடி கோப்பாக எடுத்து அனுப்புங்கள். முழுப் பாட்டின் மேளமும் சில கிலோபைட்டில் முடிந்துவிடும். ஆனால் அதில் எண்கள் மட்டுமே போகும், பம்பைக் கோப்புகள் போகாது. அவற்றைத் தனியாக ஜிப் செய்து அனுப்புங்கள், எந்தக் கோப்புக்கு எந்த நோட் எண் என்று ஒரு சீட்டும் கூடவே.